பீரோவில் இருக்கும் பதினோரு பக்கங்கள்

அன்புள்ள ஆச்சிக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது, மெட்ரிக் பள்ளியில் நாலாவது படிக்கிறான். ஒரு கதையைச் சொன்னால் வரி விடாமல் திருப்பிச் சொல்வான். கடையில் நின்றால் சில்லறைக் கணக்கை வாயாலேயே போட்டுவிடுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடும். ராத்திரி எட்டு மணி வரை டியூஷன் வைத்தும் பலன் இல்லை. ‘சோம்பேறித்தனம்’ என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார். போன மாதம் மதுரையில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் இரண்டு நாள் சோதனை செய்தோம். டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் பிழையில்லாமல் எழுதவும் சிரமப்படும் கற்றல் குறைபாடு என்று பதினோரு பக்க ரிப்போர்ட் தந்தார்கள். பாதி எனக்குப் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் அதைப் புரட்டிவிட்டுப் பீரோவில் வைத்துவிட்டார். “நானும் இப்படித்தான், ஒன்பதாவதோடு நின்னேன், கடை நடத்தலையா?” என்கிறார். சர்டிபிகேட் என்று போனால் நம் நகரத்தாரில் ஒன்பது கோயில்காரர்களுக்கும் தெரிந்துவிடும், நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்கிறார் மாமியார். பள்ளியில் சொல்லலாமா? இனி என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த வயிற்றுவலி என்ற இடத்துக்கு மேல் கொஞ்ச நேரம் என்னால் படிக்க முடியவில்லை. என் மகளுக்கும் அது இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடங்கும். தப்பாக எழுதிய ஒவ்வொரு சொல்லையும் ஐம்பது தடவை எழுது என்று உட்கார வைத்தவள் நான். அவள் தமிழ் நோட்டை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து அதற்கும் அடித்தேன். அவளுக்குச் சோதனை செய்தபோது வயது பன்னிரண்டு. உங்கள் மகனுக்கு ஒன்பதிலேயே தெரிந்துவிட்டது. அந்த மூன்று வருடம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

முதலில் ரிப்போர்ட். எழுதிக் கொடுத்தவரிடமே இன்னொரு அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஐக்யூ எண்ணைத்தான் எல்லோரும் தேடிப் படிக்கிறோம். பிள்ளைக்குப் புத்திக் குறைவு இல்லை என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. சொல்லை ஓசைகளாகப் பிரிக்க முடிகிறதா, எழுத்தைப் பார்த்ததும் ஒலி எவ்வளவு வேகத்தில் வருகிறது, எழுத்துப்பிழை எந்த வகை என்கிற பகுதிகளில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. சோதனை தமிழிலும் நடந்ததா என்று பாருங்கள். இங்கிலீஷில் மட்டும் நடந்திருந்தால் தமிழிலும் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் இங்கிலீஷே காதில் விழாத பிள்ளை அதில் திணறினால், காரணம் எது என்று பிரிப்பது கஷ்டம். கண்ணும் காதும் பரிசோதித்தாகிவிட்டதா என்பதையும் கேளுங்கள்.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தமிழைச் சரியாகவே கூடப் படித்துவிடும், ஆனால் ஊர்ந்து ஊர்ந்து படிக்கும். இங்கிலீஷில் அதே பிள்ளை தப்புத் தப்பாகப் படிக்கும். ‘தமிழ் வருதே, இங்கிலீஷ்தான் வரலை, அப்ப சோம்பேறித்தனம்தான்’ என்று ஆசிரியர்கள் முடிவு கட்டுவது இதனால்தான். தமிழிலும் கண்ணிகள் உண்டு. ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது, ஒலியோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ‘க்’கில் தொடங்குகிறது. ஒரே ‘க’ கல்லில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கும். ல, ள, ழ பேச்சில் பலருக்கும் ஒன்றாகவே போய்விட்டன. நமக்கு இதெல்லாம் எப்போது பழகியது என்றே நினைவில்லை. உங்கள் மகனுக்கு ஒவ்வொன்றையும் பிரித்து, வரிசையாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். டியூஷனில் நடப்பது வகுப்பில் புரியாததையே இன்னொரு தடவை வேகமாகச் சொல்வது. அதை நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதிலாக ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் வேண்டும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வு அறிவியலுக்கும் தனித் துறையே இருக்கிறது. அங்கே படித்து முடித்தவர்கள் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் உள்ளடக்கிய கல்விக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். அவர்களின் முதல் வேலை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றாலும் போய்க் கேட்கலாம். 14417 என்ற பள்ளிக்கல்வித் துறை உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் நெடுங்காலமாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

வீட்டில் தினமும் இருபது நிமிடம் போதும். தட்டில் மணலோ கோலமாவோ பரப்பி, எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இப்படித்தான் எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். கண், காது, கை மூன்றையும் சேர்த்துப் பழக்குவதைத்தான் இன்றைய பயிற்சியும் செய்கிறது. புத்தகம் இல்லாமல் ஓசை விளையாட்டு விளையாடுங்கள். ‘மரம்’ என்பதில் முதல் எழுத்தை எடுத்தால் என்ன மிச்சம்? அப்புறம், கதை வாசித்துக் காட்டுவதை விடாதீர்கள். அவனால் இப்போது படிக்க முடிவதை விட அவனுக்குப் புரிவது பல மடங்கு அதிகம். அந்தப் பசிக்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கலர்க் கண்ணாடி, கண் பயிற்சி, மூளை டானிக் என்று யாராவது வருவார்கள். டிஸ்லெக்சியாவை அவை எதுவும் சரிசெய்யாது, காசைக் கொடுக்காதீர்கள். இவனும் ஒரு மேதையாக வருவான் என்று ஆறுதல் சொல்கிறவர்களும் வருவார்கள். மேதையாக வேண்டும் என்ற கடனையும் பிள்ளை தலையில் ஏற்ற வேண்டாம். அவன் பஸ் போர்டையும் மாத்திரை அட்டையையும் பயமில்லாமல் படிக்க வேண்டும். முதலில் அது.

பலன் மெதுவாகத்தான் தெரியும். என் மகள் வாரம் மூன்று நாள் வீதம் ஒன்றரை வருடம் போனாள். முதல் மூன்று மாதம் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். இன்று கல்லூரியில் படிக்கிறாள். இன்றும் மெதுவாகத்தான் வாசிப்பாள். வயிற்றுவலி இல்லை.

பள்ளியில் கட்டாயம் சொல்லுங்கள். வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்பு முன்னால் எழுப்பிப் படிக்க வைக்க வேண்டாம், போர்டில் எழுதியதை அவன் எழுதி முடிக்காவிட்டால் நோட்ஸைத் தாருங்கள், எழுத்துப்பிழைக்காகப் பதிலின் மார்க்கைக் குறைக்க வேண்டாம் என்று கேளுங்கள். மறுத்தார்கள் என்றால் பள்ளியை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

சர்டிபிகேட் விஷயம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, டிஸ்லெக்சியா அதில் அடங்கும். தனியார் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பொதுத்தேர்வில் சலுகை கேட்க முடியாது, அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். உங்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கே விசாரியுங்கள். வயது ஏறும்போது மறுபடி பரிசோதித்துப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பத்தாவது, பன்னிரண்டாவதில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகப் போகும், கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். இன்னொருவர் எழுதப் பதில் சொல்வது தனிப் பழக்கம். என் மகள் மாதிரித் தேர்வில் முதல் தடவை அப்படி உட்கார்ந்தபோது பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. ஒன்பதாவதிலேயே பழக்கிவிடுங்கள்.

மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் ஒரு வளவில் தும்மினால் அடுத்த வளவில் கேட்கும். ஆனால் அந்தச் சான்று உங்கள் பீரோவில் இருக்கும் காகிதம், பள்ளிக்கும் தேர்வுத் துறைக்கும் தவிர யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ‘மக்கு’ என்ற பெயர்தான் ஊரைச் சுற்றும், அது ஏற்கெனவே சுற்றத் தொடங்கியிருக்கும்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். டிஸ்லெக்சியா பல குடும்பங்களில் தலைமுறையாக வரும். ஒன்பதாவதோடு நின்றவர், ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு மூடி வைத்தவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். அவர் அக்கறை இல்லாமல் மூடவில்லையோ என்னவோ. அவரைப் பள்ளிக்கூடத்தில் என்னவெல்லாம் சொன்னார்களோ. பையன் தூங்கிய பிறகு ஒரு ராத்திரி அந்தப் பதினோரு பக்கத்தையும் எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே மெதுவாக வாசித்துக் காட்டுங்கள்.