புற்றுநோய் இல்லைதான், ஆனாலும் தை வரைக்கும் தள்ளாதீர்கள்

கேள்வி: கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு வயது 52. பால் கறக்கக் குனிந்தாலே மூச்சு வாங்குகிறது, தலையும் சுற்றுகிறது. எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் இடது மேலறையில் 'மிக்சோமா' என்ற கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். தையில் தம்பி கல்யாணம். அது முடிந்து பார்த்தால் ஆகாதுங்களா டாக்டர்? கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கும் பயாப்சி எடுக்காமலே எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: ஆகாதுங்க. இந்தக் கட்டியில் ஆபத்தே அது இருக்கும் இடம்தான். மிக்சோமா பெரும்பாலும் இரண்டு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் காம்பு விட்டுத் தொங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். ஆடி இறங்கி, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வை அடைத்தால் ரத்தம் கீழறைக்குப் போகாமல் நுரையீரலில் தேங்கும். அம்மாவுக்கு மூச்சு வாங்குவதும் தலைசுற்றுவதும் அதனால்தான் இருக்கும்.

நான் அதைவிடப் பயப்படுவது பக்கவாதத்துக்கு. நுங்கு மாதிரி கொழகொழவென்று இருக்கும் கட்டி இது. துணுக்கு ஒன்று பிய்ந்து மூளைக்குப் போனால் போதும். அது எந்த நாளில் பிய்யும் என்று எந்த எக்கோவும் சொல்லாது. மாத்திரையிலோ கஷாயத்திலோ இது கரையவும் கரையாது.

பயாப்சி எடுக்காததற்கும் அதுதான் காரணம்: குத்தினால் பிய்ந்துவிடலாம். காம்பும் ஆட்டமும் எக்கோவிலேயே தெரியும். ரத்தக்கட்டியோ என்று சந்தேகம் வந்தால் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுப்பார்கள், இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. முழு உறுதி, வெட்டி எடுத்த கட்டியைச் சோதித்த பிறகுதான். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஆபரேஷன் புதிதல்ல. 1954-லேயே ஸ்வீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்ற சர்ஜன் செய்து காட்டிவிட்டார். நெஞ்செலும்பைத் திறந்து, இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷின் உதவியோடு இதயத்தை நிறுத்தி, கட்டியைக் காம்போடு எடுப்பார்கள். காம்பு ஒட்டிய சுவரிலும் கொஞ்சம் வெட்டிவிட்டு, அந்த ஓட்டையை இதய உறைத் துண்டு வைத்துத் தைப்பார்கள். சுவரை விட்டுவைத்தால் மறுபடி முளைக்க இடம் கொடுத்த மாதிரி. வயதைப் பார்த்து, இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே ஆஞ்சியோவும் எடுக்கலாம்.

அப்புறம், திறந்த நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை குடம் தூக்கவோ மாடு கறக்கவோ விடாதீர்கள். நம்ம பக்கத்து அம்மாக்கள் இதில் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. கட்டி திரும்ப வருவது அபூர்வம். இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு எக்கோ எடுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இது வந்திருந்தால் உங்களுக்கும் தம்பிக்கும்கூட எடுக்க வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே காட்டுங்கள். அதற்கு முன்பே மயக்கம், வாய் கோணல், கை கால் இழுப்பு என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.