கேட் கம்பியில் குச்சி தேய்க்கும் பையன்கள்

கேள்வி: அக்கா, நாங்கள் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். வீட்டில் இரண்டு நாய்கள். ராஜா போயர்போல் என்கிற பெரிய காவல் நாய் இனத்தின் கலப்பு, மணி தெருவிலிருந்து எடுத்து வளர்த்த சின்னது. மதியம் இரண்டரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் நாலைந்து பையன்கள் தினமும் கேட் கம்பியில் குச்சியை டர்ர்ரென்று தேய்த்துக்கொண்டு போகிறார்கள், குரைத்துக் காட்டுகிறார்கள், கல் எறிகிறார்கள். போன தீபாவளிக்குச் சரவெடியைக் கொளுத்தி உள்ளேயே போட்டுவிட்டார்கள். மணி இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கத்தினால் சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். என் வீட்டுக்காரரோ, "ஒரு நாள் கேட்டைத் திறந்து விடுகிறேன், ஒரு கடி வாங்கினால் புத்தி வரும்" என்கிறார். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை. ஐயா, கோபத்தில் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன், ஆனால் அதை இன்னொரு முறை வாயால்கூடச் சொல்லாதீர்கள், அதுவும் அக்கம்பக்கம் காதில் விழும்படி. தென்னாப்பிரிக்காவில் நாய் கடித்தால் நஷ்டஈடு விஷயத்தில் பழைய ரோமானியச் சட்டம்தான் இன்றைக்கும் நடக்கிறது. உங்கள் பேரில் தப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள், நாய் உங்களுடையது என்றால் பணம் நீங்கள் கட்ட வேண்டும். 2020ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தெருவில் போன மனிதரை மூன்று நாய்கள் குதறி, அவர் ஒரு கையையே இழந்துவிட்டார். "யாரோ வெளியாள் கேட் பூட்டை உடைத்துவிட்டான், நான் என்ன செய்வேன்" என்றார் நாய்க்காரர். நீதிமன்றம் ஏற்கவில்லை, நீதான் பொறுப்பு என்றுவிட்டது. பூட்டு உடைந்தவருக்கே அந்தக் கதி என்றால், தானே கேட்டைத் திறந்து விட்டவருக்கு? அது தனிக் குற்றம், 1993ல் வந்த சட்டப்படி அஜாக்கிரதையால் நாய் ஒருவரைக் காயப்படுத்தினாலே சிறைவரை போகலாம்.

"அவன்தானே சீண்டினான்?" என்று கேட்பீர்கள். அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மேல் தப்பே சுமத்த முடியாது, பதினாலு வயதுவரைக்கும்கூட, அவனுக்குத் தெரிந்துதான் செய்தான் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கேட்டில் "நாய் உண்டு, எச்சரிக்கை" பலகை மாட்டியிருந்தால் தப்பித்துவிடலாம் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பலகை நல்லதுதான், மாட்டுங்கள், ஆனால் அது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

சரி, பையன்கள் விஷயத்துக்கு வருவோம். அவர்கள் ஏன் செய்கிறார்கள் தெரியுமா? காட்சி நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். குச்சியைத் தேய்த்தால் ஒரு போயர்போல் எகிறி வந்து கேட்டில் மோதுகிறது, பின்னாலேயே ஒரு ஆன்ட்டி கத்திக்கொண்டு ஓடி வருகிறாள். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும், டிக்கெட் இல்லாத படம். நீங்கள் கத்தும் ஒவ்வொரு நாளும் படத்துக்கு நீளம் கூடுகிறது. ஆகவே படத்தை நிறுத்துங்கள். இரண்டு மணிக்கே இரண்டு நாய்களையும் வீட்டுக்குள்ளோ பின்பக்கமோ கொண்டுபோய் விட்டு, மூன்று மணிக்கு வெளியே விடுங்கள். கம்பி வேலியில் கீழிருந்து ஆள் உயரத்துக்கு ஷேட்நெட்டோ நாணல் தட்டியோ கட்டிவிடுங்கள். நாய்க்குத் தெரு தெரியக்கூடாது, பையனுக்கு நாய் தெரியக்கூடாது. ராஜாவைச் சங்கிலியில் கட்டிப்போடுவதுதான் வழி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கட்டிய நாய்க்கு ஓட வழியில்லை, அதனால் கோபம் இன்னும் ஏறும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் இதே கதை, நானும் "குரைக்கத்தானே நாய், குரைத்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் வெளியே குச்சிச் சத்தம் கேட்டதும் இரண்டும் ஓடின, கேட்டைத் தாண்ட முடியவில்லை, சட்டென்று திரும்பி ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டன. அக்கா தம்பி மாதிரி ஒரே தட்டில் சாப்பிட்ட நாய்கள்! சின்னதின் காது பாதி கிழிந்து, நான் வாளித் தண்ணீரை ஊற்றிப் பிரித்து, என் நைட்டி முழுக்க ரத்தம். வேலியைத் தாண்ட முடியாத கோபம் பக்கத்தில் இருப்பதன் மேல் திரும்பும் என்று அப்புறம்தான் விலங்கு மருத்துவர் சொன்னார். மணி சின்னது என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை.

இன்னொன்று, நாய்களை நீங்கள் காவலுக்கும்தானே வைத்திருக்கிறீர்கள்? பகலெல்லாம் ஒன்றுமில்லாததற்குக் குரைக்கும் நாய் ராத்திரி உண்மையாகவே ஒருவன் சுவரேறும்போது குரைத்தாலும், பக்கத்து வீட்டில் ஒருத்தரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.

நாய்க்கும் கொஞ்சம் பாடம் வேண்டும். விடுமுறை நாளில், பையன்கள் சும்மா நடந்து போகும்போது, கேட்டிலிருந்து தள்ளி நின்றுகொண்டு ராஜாவுக்குப் பிடித்த ஏதாவது ஒரு துண்டு கொடுங்கள். பையன் தெரிந்தால் துண்டு கிடைக்கும், பையன் போய்விட்டால் நின்றுவிடும். சில வாரத்தில் அது பையனைப் பார்த்ததும் உங்கள் கையைப் பார்க்க ஆரம்பிக்கும். ஆனால் கொடுப்பது நீங்களாகவே இருக்க வேண்டும். பையன்களையே போலோனி இறைச்சித் துண்டு போடச் சொல்லிப் பழக்கிவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள், வேறு ஊரில் சரியாக இருக்கலாம், இங்கே வேண்டவே வேண்டாம். திருட வருகிறவன் முதலில் நாய்க்கு எதைப் போடுகிறான் என்று உங்களுக்கே தெரியும், "டூ ஸ்டெப்" என்கிற அந்தக் கறுப்புக் குருணை விஷத்தை இறைச்சியில் வைத்துத்தான் வீசுகிறான். வேலிக்கு மேலே வருவதைத் தின்னும் பழக்கத்தை நாமே சொல்லிக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது பெற்றோர். ஏரியா வாட்ஸ்அப் குழுவில் பையன்கள் படத்தைப் போட்டு "இது யார் பெற்ற பிள்ளை" என்று எழுதாதீர்கள், உங்கள் புகார் மறந்துபோய் அந்தப் படம்தான் சண்டையாகிவிடும். யார் முதலில் குச்சியை எடுக்கிறான் என்று பாருங்கள், ஐந்து பேரில் ஒருவன்தான் இருப்பான். அவன் வீட்டுக்குச் சாயங்காலம் நீங்கள் மட்டும் போங்கள். "உங்கள் பிள்ளை கெட்டவன்" என்று ஆரம்பிக்காமல், "எங்கள் கேட் என்றைக்காவது சரியாகப் பூட்டாமல் இருந்தால் உங்கள் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள், அது உண்மையும்கூட. வெடி போட்டதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம். 1962ஆம் வருட விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கை வெறியேற்றுவதும் மிரட்டுவதும் குற்றம். 2022லிருந்து பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மேல் குற்ற வழக்குப் போட முடியாது என்பதும் உண்மை, அதனால் போலீஸ் என்று மிரட்டினால் விவரம் தெரிந்த அப்பா சிரித்துவிடுவார். அங்கே பேச்சு எடுபடவில்லை என்றால் யூனிஃபார்மைப் பார்த்துப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் நாய் இல்லை, சீண்டுகிறவன்தான் இருக்கிறான்! ஒன்பது வயது மகன், பக்கத்து வீட்டு நாயை வேலிக்குள் கைவிட்டுக் குத்துகிறான். அடித்தும் பார்த்தாச்சு.
— ஒரு அம்மா, பீனிக்ஸ், டர்பன்

பதில்: அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அவன் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அடிக்குப் பயந்த பையன் நாய்ப் பல் பட்டால் உங்களிடம் சொல்லவே மாட்டான். நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது, நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியே இல்லை என்று சொல்லலாம். சின்னக் கீறல் என்றாலும் உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும், ஒரு ஊசியோடு முடியாது, சொன்ன தேதியில் எல்லாம் போட வேண்டும். பக்கத்து வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று அவர்களிடமே கேளுங்கள், இங்கே அது சட்டப்படி கட்டாயம். கேட்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாயின் பெயர் என்ன, வயது என்ன, எதற்குப் பயப்படும் என்று அவனே அந்த வீட்டு ஆன்ட்டியிடம் கேட்கட்டும்.

இன்று ராத்திரி குளிப்பாட்டும் சாக்கில் அவன் கைகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.