ஷார்ஜாவில் சம்பளம், ஊரில் கடன்: எதை முதலில் அடைப்பது?

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். ஷார்ஜாவில் ஏசி டெக்னீஷியனாக இருக்கிறேன், வந்து இரண்டு வருடம் ஆகிறது. தங்குமிடம் கம்பெனி கொடுக்கிறது. சம்பளம் 2,600 திர்ஹம். சாப்பாடு, போன் போக மாதம் 1,800 திர்ஹம் மனைவிக்கு அனுப்புகிறேன். விசா ஏஜென்டுக்குக் கொடுக்க ஊரில் ஒருவரிடம் 1,50,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கினேன். புரோநோட்டும், தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் ஒன்றும் அவரிடம் இருக்கின்றன. மனைவியின் 12 பவுன் 2024 முதல் வங்கியில் 3,80,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. வட்டி 9 சதவீதம், அடுத்த கெடு இன்னும் நாலு மாதத்தில். தங்கை கல்யாணத்துக்கு எடுத்த பர்சனல் லோனில் பாக்கி 2,10,000, வட்டி 15 சதவீதம், மாதத் தவணை 7,400. மைத்துனரிடம் கைமாத்து ஒரு லட்சம். வீட்டுச் செலவு 20,000. லோன் தவணையைத் தவிர வேறு எந்த அசலும் குறையவே இல்லை. இங்கேயே ஒரு வங்கியில் லோன் எடுத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடலாமா சார்?

பதில்: வேண்டாம். அந்த லோனை மட்டும் எடுக்காதீர்கள்.

உங்கள் கடன் ரூபாயில் இருக்கிறது, வருமானம் திர்ஹமில் வருகிறது. இது உங்களுக்குச் சாதகம். திர்ஹம் பல வருடங்களாக டாலரோடு 3.6725 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. 2015-இல் ஒரு திர்ஹத்துக்கு 17 ரூபாய் சொச்சம் கிடைத்தது; 2025 இறுதியில் 24-ஐத் தாண்டியது. ரூபாய் இறங்க இறங்க, ஊர்க்கடனை அடைக்க நீங்கள் உழைக்க வேண்டிய நாட்கள் குறைகின்றன. கடனையும் திர்ஹமுக்கு மாற்றிவிட்டால் அந்தச் சாதகம் போய்விடும். வேலை போனால் நிலைமை இன்னும் மோசம். கம்பெனி தரும் பணிக்கொடையில் வங்கி கை வைக்கும். ஊருக்கு வந்துவிட்டால் தப்பிக்கலாம் என்றும் இல்லை: ஐக்கிய அமீரக நீதிமன்றத் தீர்ப்பை இந்தியாவிலேயே நிறைவேற்ற 2020 ஜனவரியில் மத்திய அரசு வழி செய்துவிட்டது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். திர்ஹம் 24 ரூபாய் என்றால் நீங்கள் அனுப்புவது 43,200. வீட்டுக்கு 20,000, லோன் தவணை 7,400, மூணு வட்டிக்கு மாதம் 4,500. நகைக்கு மாதாமாதம் வட்டி கட்டாததால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் மாதம் 2,850 ஏறிக்கொண்டே இருக்கிறது, கெடு வரும்போது 34,200-ஆக நிற்கும். அதையும் சேர்த்தால் செலவு 34,750. மீதி 8,450 இருக்க வேண்டும். மொய், மருந்து, பள்ளிக்கூடம் என்று அது கரைகிறது. மனைவியைக் குறை சொல்லாதீர்கள். மொத்தப் பணமும் ஒரே கணக்கில் விழுந்தால் யார் வீட்டிலும் இதுதான் நடக்கும்.

முதலில் தீர்க்க வேண்டியது மூணு வட்டி. வருடத்துக்கு 36 சதவீதம்! இரண்டு வருடத்தில் 1,08,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கிறது, அசல் அப்படியே நிற்கிறது. இதை அடைக்கும் பணம் உங்கள் நகையிலேயே இருக்கிறது. 2024 நடுவில் பவுன் 54,000 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. 2025 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 5 லட்சத்துக்கு மேற்பட்ட நகைக்கடனுக்கு, நகை மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. அதே 12 பவுனுக்கு 5,30,000 வாங்கினாலும் நீங்கள் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டீர்கள். கூடுதலாக வாங்கும் 1,50,000-க்கு 9 சதவீதத்தில் மாத வட்டி 1,125. இப்போது கட்டுவது 4,500. மாதம் 3,375 ரூபாய் மிச்சம்.

இதுவரை ஏறிய வட்டியைக் கட்டினால்தான் வங்கி நகையைத் திருப்பி, கூடுதல் தொகைக்கு மறுபடி அடகு வைக்க விடும். ஒரு வருடக் கெடுவில் கழிந்த எட்டு மாதத்துக்கு 22,800, ஏறக்குறைய 950 திர்ஹம். கம்பெனியில் சம்பள முன்பணம் கிடைக்குமானால் இதற்காகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இந்த மாதம் முதல் 8,450-ஐயும் நகை வட்டிக்கான 2,850-ஐயும் தனியே எடுத்து வையுங்கள். கெடுவுக்குள் 45,200 சேர்ந்துவிடும். நகையைத் திருப்ப ஒரு நாள் வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று வங்கி வாசலில் நிற்பவர்களிடம் மட்டும் போக வேண்டாம். இனி நகை வட்டியை மாதம் 3,975 வீதம் கட்டிவிடுங்கள்.

மூணு வட்டிக்காரரிடம் கணக்கு முடிக்கும்போது அவசரம் கூடாது. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். மனைவியோடு குடும்பப் பெரியவர் ஒருவர் போகட்டும், நீங்கள் வீடியோ காலில் இருங்கள். ஒரிஜினல் புரோநோட்டின் பின்பக்கத்தில் ‘அசலும் வட்டியும் முழுதும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு அவர் கொடுக்க வேண்டும். செக்கும் கையோடு வந்தாக வேண்டும். அந்தச் செக் அவரிடம் இருக்கும்வரை, அவர் தொகையை எழுதி வங்கியில் போட்டு, கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு போட முடியும். இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. அதற்கு முன் வரும் நோட்டீஸுக்கு 15 நாளில் பணம் கட்டினால் வழக்கு இல்லை. அந்த நோட்டீஸ் ஊர் விலாசத்துக்குத்தான் போகும். பயந்துபோய் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். மிரட்டல் வந்தால் தமிழ்நாட்டில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

பணம் வரும் வழியையும் மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டு வைக்க வெளிநாடுவாழ் இந்தியருக்கென்று இருக்கும் என்ஆர்ஈ கணக்கு ஒன்று உங்கள் பெயரில் தொடங்கி, 1,800 திர்ஹமும் முதலில் அங்கே விழட்டும். அதிலிருந்து லோன் தவணை தானாகப் போகட்டும். வீட்டுக்கு 20,000 மனைவி கணக்குக்கு ஒன்றாம் தேதி போகட்டும். வெளிநாடு போகும் முன் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வரவுக்கான கணக்காக) மாற்றச் சொல்லுங்கள், சட்டப்படி அதுதான் முறை. வீட்டுக்கு 20,000 போதாது என்று மனைவி சொன்னால் அதைக் கேட்டு, தொகையைக் கூட்டி எழுதுங்கள். பொய்யான பட்ஜெட் இரண்டு மாதம்கூட நிற்காது.

மூணு வட்டி ஒழிந்தபின் மாதம் 11,825 மிஞ்சும். அதில் 3,000 மைத்துனருக்கு. வட்டியில்லாக் கடன்தானே என்று கடைசியில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு மறுபடி கை நீட்டக்கூடிய இடம் அது ஒன்றுதான். மீதி 8,825-ஐ ஆறு மாதம் தொடாமல் வைத்தால் 50,000-க்கு மேல் இருக்கும். வேலை போனாலோ, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ அதுதான் கை கொடுக்கும். அதன்பின் அந்தத் தொகையை பர்சனல் லோன் அசலில் கட்டுங்கள், முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று கேட்டுவிட்டு. 9 சதவீத நகைக்கடன் கடைசியில் வரட்டும்.

ஊரில் தம்பி, நண்பர் என்று யாராவது இப்போது விசாவுக்குக் கடன் தேடுகிறார்களா? அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் ரசீது கேட்கச் சொல்லுங்கள்.

மைத்துனருக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். நகையைத் திருப்பி வைத்த அடுத்த மாதத்திலிருந்து 3,000 வரும், எந்தத் தேதியில் வரும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.