தோற்றவருக்குத் திறந்திருக்கும் கதவு

கேள்வி: அந்தக் காலத்தில் தேர்வில் தவறினாலும் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். இன்றைய பிள்ளைகள் நான்கு மதிப்பெண் குறைந்தாலே ஒடிந்துபோகிறார்கள். இவர்களுக்கு மன உறுதியை எப்படி ஊட்டுவது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தாராபுரம்

பதில்: 'அந்தக் காலத்தில்' என்று தொடங்கியிருக்கிறீர்கள், நானும் அங்கிருந்தே வருகிறேன். அந்தக் காலத்தில் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறியவர் செப்டம்பர் வரை காத்திருந்து எழுதவேண்டும். தேறிவிட்டாலும் அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருக்கும் என்பதால், ஓர் ஆண்டு முழுவதும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குக்கூடப் போக முடியாமல் முடங்கிக் கிடக்கவேண்டும். அதைத் தாங்கி மீண்டவர்கள் இன்று நம்மிடையே இருந்து பேசுகிறோம். தாங்க முடியாமல் போனவர்கள் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுத இல்லை. அவர்களைச் சேர்க்காமல் ஒரு தலைமுறையின் உறுதியை எடைபோடுவது நியாயமில்லை, ஐயா.

அந்த நிலையைத் தமிழ்நாட்டில் மாற்றியது அறிவுரை அன்று, ஓர் ஏற்பாடு. முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகலாம் என்று வந்தபிறகு, தவறிய மாணவருக்கு மறுநாள் காலையில் எழுந்து செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. 2017இல் மாநில, மாவட்ட அளவில் முதலிடம் பிடித்தோரை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டதும் இத்தகைய நல்ல முடிவுதான். ஆனால் அரசு விட்டதைத் தனியார் பள்ளிகளும் பயிற்சி நிலையங்களும் விடவில்லை. மதிப்பெண்ணோடு குழந்தைகளின் முகங்களை அச்சிட்டு நாற்சந்தியில் கட்டும் பேனர்களை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை கண்டித்துவிட்டேன். அவை ஒழியும்வரை கண்டிப்பேன். பேனரில் இடம்பெறாத மற்ற பிள்ளைகளும் தினமும் அதைக் கடந்துதானே பள்ளிக்குப் போகிறார்கள்?

நீட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள்; நாட்டில் உள்ள எம்பிபிஎஸ் இடங்கள் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம்தான். எழுதும் எல்லோரும் மலைபோன்ற உறுதி படைத்தவர்களாக இருந்தாலும் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காது. இந்தக் கணக்கை முதல்நாளே பிள்ளையிடம் சொல்லி, இரண்டாவது, மூன்றாவது வழிகளையும் அவர்களோடு உட்கார்ந்து பேசாமல், பின்னர் 'இவனுக்குத் தாங்கும் சக்தி இல்லை' என்று சொல்வது கொடுமை.

உறுதி எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் நடுவயதுவரை தொடர்ந்து கவனித்தனர். வறுமை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முக்கியமானது, நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது அருகில் இருந்தது. அவர் பெற்றோராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, பாட்டியாகவோ ஆசிரியராகவோகூட இருக்கலாம். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற உண்மையான பொறுப்புகளும் பலருக்கு இருந்தன. நம் வீடுகளிலோ, 'நீ படித்தால் போதும்' என்று சொல்லிப் பிள்ளையின் கையிலிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிவிட்டு, மதிப்பெண் ஒன்றை மட்டும் அவர்களுக்கு மிச்சம் வைக்கிறோம். பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்ல, விடியற்காலைச் சிறப்பு வகுப்பும் இரவு டியூஷனும் அதைத் தின்றுவிடுகின்றன.

நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர். உங்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்கும். அடுத்த தேர்வு முடிவு வரும் நாளில், தேறியவர் வீட்டு இனிப்புக்குப் பிறகு போகலாம். முதலில் தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போங்கள். பெற்றோர் திட்டிக்கொண்டிருந்தால் அவர்களை நிறுத்துங்கள், துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளைச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அப்போதே அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.