இரண்டெழுத்து ‘அப்’: டீச்சரிடம் கேளுங்கள்

ஆங்கிலத்தில் எழுதினாலும் இரண்டெழுத்து, தமிழில் எழுதினாலும் இரண்டெழுத்து. இந்த ஒரு சொல்லைப் பற்றி இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும், ஆங்கில ஆசிரியை ஒருவரின் பதில்களும்.

ஹட்டன், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி: டீச்சர், ‘அப்’ என்றால் மேலே. ஆனால் ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’ இதிலெல்லாம் மேலே எங்கே இருக்கிறது?

பதில்: மேலே இல்லை தங்கச்சி. அங்கே ‘அப்’ பார்ப்பது தமிழில் ‘விடு’ பார்க்கிற வேலை. ‘சாப்பிடு’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிடு’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவதில் தட்டில் மிச்சம் இருக்கக்கூடாது. ‘ஈட்’, ‘ஈட் அப்’ இரண்டுக்கும் அதே வித்தியாசம்தான். ‘யூஸ் த சுகர்’ என்றால் சீனியைப் பாவி. ‘யூஸ் அப் த சுகர்’ என்றால் போத்தலில் இருப்பதை முடித்துவிடு. ‘டியர்’ கிழி, ‘டியர் அப்’ சுக்குநூறாகக் கிழித்துப்போடு. பரீட்சை மண்டபத்தில் ‘டைம் இஸ் அப்’ என்றால் நேரம் முடிந்துவிட்டது. கடிகாரம் மேலே போகவில்லை.

எந்த ‘அப்’ என்று கண்டுபிடிக்க, அதை எடுத்துவிட்டு வசனத்தை வாசியுங்கள். வினை அதேதான், ஆனால் வேலை அரைகுறையாக நிற்கிறது என்றால் அது ‘விடு’ வகை. திசை மட்டும் காணாமல் போனால் (‘லுக் அப்’, அண்ணாந்து பார்) அது உண்மையான ‘மேலே’. பொருளே வேறாகிவிட்டால், உதாரணத்துக்கு ‘கிவ்’ கொடு, ‘கிவ் அப்’ கைவிடு, இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் பண்ணுங்கள். ‘டேர்ன் அப்’, ‘ஷோ அப்’ போன்றவையும் அப்படித்தான்: தலைகாட்டுதல், வந்து சேர்தல்.

ஆகவே மொழிபெயர்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ‘மேலே’ என்று எழுதாதீர்கள்.

நுவரெலியா, ஹோட்டலில் வேலை செய்யும் தம்பி: ‘ஐ வில் பிக் அப் இட்’ என்றால் வெளிநாட்டு விருந்தினர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். என்ன பிழை?

பதில்: ‘இட்’ நடுவில் வர வேண்டும்: ‘பிக் இட் அப்’. பெயர்ச்சொல் என்றால் இரண்டு பக்கமும் போகும்; ‘பிக் அப் த பேக்’, ‘பிக் த பேக் அப்’ இரண்டும் சரி. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற சிறிய சொல் வந்தால் நடுவில்தான்.

ஆனால் எல்லா ‘அப்’பையும் இப்படிப் பிரிக்க முடியாது. ‘ரேன் அப் த பில்’, கடன் கணக்கை ஏற்றினான்: ‘ரேன் த பில் அப்’ என்றும் சொல்லலாம். ‘ரேன் அப் த ஹில்’, மலை மேல் ஓடினான்: ‘ரேன் த ஹில் அப்’ என்றால் பிழை. முதலாவதில் ‘அப்’ வினையோடு ஒட்டியது, இரண்டாவதில் மலையோடு ஒட்டியது. இன்னும் ஒன்று: ‘புட் அப் வித்’ (பொறுத்துக்கொள்), ‘கேட்ச் அப் வித்’ (எட்டிப் பிடி) போன்ற மூன்று சொல் கூட்டுகளுக்கு நடுவில் எதையும் செருகாதீர்கள்.

பண்டாரவளை: ‘கோப் அப் வித்’ சரியா?

பதில்: பிழை. ‘கோப் வித்’ மட்டும். அங்கே ‘அப்’புக்கு இடமே இல்லை.

தலவாக்கலை, தோட்ட அலுவலகத்தில் வேலை: ‘ஃபில் அப் த ஃபோர்ம்’ என்று எழுதினேன், துரை (தோட்ட மேலாளர்) ‘ஃபில் இன்’ என்று திருத்தினார். ‘செக்ரோலை (தொழிலாளர் வருகைப் பதிவேட்டை) ரைட் அப் பண்ணு’ என்று அவரே சொல்கிறார். அது மட்டும் எப்படிச் சரி?

பதில்: படிவத்தில் வெற்றிடங்களுக்கு உள்ளே எழுதுகிறீர்கள், அதனால் ‘ஃபில் இன்’. அமெரிக்கர் ‘ஃபில் அவுட்’ என்பார்கள். ‘ஃபில் அப்’ டீசல் டேங்குக்கு, தண்ணீர் பீப்பாவுக்கு: விளிம்பு வரை நிரப்புவது. ‘ரைட் அப்’ என்றால் துண்டுக் குறிப்புகளை வைத்து முழுப் பதிவாக எழுதி முடிப்பது. அன்றைக்கு யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்று செக்ரோலில் எழுதி முடிக்கும் வேலைக்கு அது பொருந்தும். இதுவும் ‘விடு’ வகைதான்.

லீவுக் கடிதத்தில் கவனம். ‘அப் டு 15 மே’ என்றால் 15ஆம் திகதியும் லீவா என்று சண்டை வரும். ‘அப் டு அண்ட் இன்க்ளூடிங்’ என்று எழுதிவிட்டால் பேச்சே இல்லை.

பதுளை: ஹட்டனில் இருக்கிற மச்சான் ‘ஐ ஆம் கோயிங் அப் டு கொலம்போ’ என்கிறான். மலையிலிருந்து இறங்குகிறவன் ‘டவுன்’ என்றல்லவா சொல்ல வேண்டும்?

பதில்: ஆங்கிலத்தில் இதற்கு மூன்று அளவுகோல். ஒன்று உயரம். இரண்டாவது வரைபடம்: வடக்கு மேலே இருப்பதால் கொழும்பிலிருந்து ‘அப் டு ஜஃப்னா’ என்பார்கள், அங்கே ஏற ஒரு மலைகூட இல்லை. மூன்றாவது மதிப்பு: பிரித்தானிய ரயில் பாதைகளில் பெரும்பாலும் லண்டனை நோக்கிய தடம் ‘அப்’, லண்டனை விட்டுப் போவது ‘டவுன்’. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போவதும் ‘அப்’. ‘சென்ட் டவுன்’ என்றால் பையனை அங்கிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஹட்டன் (அந்த மச்சான்): பார்த்தீங்களா டீச்சர், ரயில் கணக்கில் நான்தான் சரி!

பதில்: அது பிரித்தானியக் கணக்கு தம்பி. ஹட்டனில் நின்றுகொண்டு ‘அப்’ என்றால் கேட்பவர் நுவரெலியா என்றுதான் நினைப்பார்.

பதுளை: அப்போ உயரக் கணக்குதான் சரி என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

பதில்: அந்தக் கணக்கு உங்களுக்கே உதவாது அண்ணன். பதுளையில் புறப்பட்ட ரயில் 6,226 அடி உயரத்தில் இருக்கிற பட்டிப்பொல பக்கம் வரை ஏற வேண்டும், இறக்கம் அதற்குப் பிறகுதான். ‘டவுன்’ என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தவர் மணிக்கணக்கில் மேலேதான் போய்க்கொண்டிருப்பார்.

மஸ்கெலியா: அதை விடுங்கள். ‘அப்-கன்ட்ரி’யில் இருக்கிற ‘அப்’ எந்த அளவுகோல்?

பதில்: நல்ல கேள்வி. பொது ஆங்கிலத்தில் ‘அப்-கன்ட்ரி’ என்றால் கடற்கரையை விட்டு உள்நாடு. உயரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலங்கை ஆங்கிலத்தில் அது மலைநாடு. சிங்களத்தில் ‘உடரட்ட’வும் அப்படித்தான், ‘உட’ என்றால் மேல், ‘ரட்ட’ என்றால் நாடு. நம் ஆட்கள் சொன்ன ‘கண்டிச் சீமை’யில் மேலும் இல்லை, கீழும் இல்லை. தேயிலைக்காரர்தான் அடிக்கணக்கில் பேசுகிறார்கள்: 2,000 அடி வரை தாழ்நிலம், 4,000 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை. தோட்டத்து மேற்பிரிவை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘அப் டிவிஷன்’ என்று எழுதாதீர்கள், ‘அப்பர் டிவிஷன்’.

வெலிமடை: ‘அப்’ என்றால் மேலே என்றுதானே அகராதியில் இருக்கிறது?

பதில்: அகராதியில் அது முதல் வரி. கீழே உள்ள வரிகளையும் வாசியுங்கள்.

கொட்டகலை: ‘அப்’ வரும் எல்லா வினைகளும் ஒரு பட்டியலாகத் தர முடியுமா?

பதில்: முடியாது. தந்தாலும் படிக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு, வசனத்தோடு.

கண்டி: மேக்கப், செட்டப், கெட்டப், செக்கப் எல்லாம் தமிழாகிவிட்டன. ஆங்கிலத்திலும் இப்படியே உச்சரிக்கலாமா?

பதில்: பெயர்ச்சொல் என்றால் அழுத்தம் முதல் அசையில்: ‘மேக்கப்’. வினை என்றால் அழுத்தம் பெரும்பாலும் ‘அப்’பில்: ‘மேக் அப்’. எழுதும்போதும் பெயரைச் சேர்த்தோ நடுவில் கோடு போட்டோ எழுதுங்கள், வினையைப் பிரித்து எழுதுங்கள். பொருளிலும் ஜாக்கிரதை: தமிழில் ‘செட்டப்’ என்றாலே ஏதோ தில்லுமுல்லு, ஆங்கிலத்தில் சும்மா ஒரு ஏற்பாடாகவும் இருக்கலாம்.

இராகலை: ‘த ரோட் இஸ் அப்’ என்றால்?

பதில்: பிரித்தானிய வழக்கு. திருத்த வேலைக்காக வீதியைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

வெலிமடை: மேலே போவதற்கும்...

பதில்: முதல் பதில். ஹட்டன் தங்கச்சிக்குச் சொன்னது.

பதுளை: டீச்சர், பட்டிப்பொல தாண்டினால் ‘டவுன்’தானே?

பதில்: ரயிலை விடுங்கள் அண்ணன்.

மாத்தளை: ‘ஃபெட் அப்’புக்குப் பிறகு ‘ஒஃப்’பா, ‘வித்’தா?

பதில்: ‘வித்’. பேச்சில் ‘ஒஃப்’ நிறையக் கேட்கும், பரீட்சைத் தாளில் வேண்டாம். உதாரணம்: ‘ஐ ஆம் ஃபெட் அப் வித் திஸ் டிரெயின் ஆர்கியுமென்ட்.’