நாளை என் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள்

கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கும் பி.எட். மாணவர்களும் வழிகாட்டி ஆசிரியர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தும் ஆசிரியை.

பயிற்சி ஆசிரியை, கீழக்கரை: டீச்சர், வியாழக்கிழமை என் வகுப்பை உற்றுநோக்கக் கல்லூரியிலிருந்து வருகிறார்கள். பாடக்குறிப்பேடு எழுதி முடித்துவிட்டேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு வழிகாட்டி ஆசிரியரிடம் அரை மணி நேரம் கேளுங்கள் அம்மா. முதல் நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, அதே வகுப்பறையில் உட்காருங்கள். பாடம் முடியும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், தெரிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள், எங்கே தடுமாறுவார்கள் என்பதைக் குறிப்பைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். உங்களுக்குச் சொல்ல வராத இடத்தில்தான் வகுப்பும் நின்றுபோகும். ஆசிரியர்களை வழிநடத்துவது பற்றி எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் கோல்ட்ஹாமர் 1969இல் உற்றுநோக்கலை ஐந்து படிகளாக வகுத்தபோது, முதல் படியாக வைத்தது இந்த உரையாடலைத்தான். நம் பக்கம் பலர் இரண்டாம் படியான வகுப்பைப் பார்ப்பதிலிருந்தே தொடங்கிவிடுகிறோம். எனக்கு அது பெரிய வருத்தம்.

பயிற்சி ஆசிரியர், பாம்பன்: கடற்காற்று, நிலக்காற்று நடத்தப் போகிறேன். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

தம்பி, காற்றைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிகம் தெரியும். சிக்கலே அங்குதான். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர், "பகலில் காற்று எங்கிருந்து வீசும்?" என்று கேட்டார். மூன்றாம் பெஞ்சுப் பையன், கடற்கரையில் பருவக்காற்று ஒன்றுக்கு வழங்கும் பெயரான "கச்சான்" என்றான். அவர் எதிர்பார்த்த பதில் "கடலிலிருந்து". தவறு என்று சொல்லி அடுத்தவனிடம் போய்விட்டார். பையன் பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். அன்று மறுபடி வாய் திறக்கவில்லை. இந்தப் பதில் வரும் என்று முதல் நாளே அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

கச்சான், பருவத்தோடு வந்து மாதக்கணக்கில் வீசுவது. கடற்காற்று, நிலம் நீரைவிட விரைவாகச் சூடேறுவதால் அன்றன்று எழுவது. கச்சான் ஓங்கி அடிக்கும் நாளில் கடற்காற்று தனியாகப் புலப்படாது. ஆக, பையன் தன் கண்ணால் கண்டதைத்தான் சொன்னான். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றின் பெயர்களாக வரக்கூடிய பதில்களுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். இன்னொன்று: பாடநூல் படத்தில் கடல் ஒரு பக்கம்தான் இருக்கும், உங்கள் ஊருக்கோ வடகடல், தென்கடல் இரண்டும் உண்டு. "எந்தக் கடல் சார்?" என்று ஒருவராவது கேட்பார்கள்.

வழிகாட்டி ஆசிரியர், தொண்டி: நான் பின்னால் உட்கார்ந்தாலே பயிற்சி ஆசிரியைக்குக் குரல் நடுங்குகிறது.

எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள் சார். ஒன்றே ஒன்று போதும். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது நல்ல தொடக்கம். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்றும் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். நொடிகளை மட்டும் குறியுங்கள். "நன்று", "சுமார்" எதுவும் வேண்டாம். அந்தத் தாள் வகுப்பு முடிந்ததும் அவர் கைக்கே வரும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எழுதுகிற பேனாவைப் பார்த்துத்தான் பாதி பயம்.

பயிற்சி ஆசிரியை, தேவிபட்டினம்: பிள்ளைகளுக்குப் பதில்களை முன்பே சொல்லிக்கொடுத்து ஒத்திகை பார்க்கலாமா?

கூடாது. ஒத்திகையை வழிகாட்டி ஆசிரியரிடம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முதல் ஐந்து நிமிடத்துக்கு மட்டும்.

அதே ஆசிரியை: நேரம் போதாவிட்டால்?

எந்தச் செயல்பாட்டை விடலாம் என்று இருவரும் முன்பே பேசி, குறிப்பேட்டில் அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த வட்டம் கண்ணில் பட வேண்டும்.