ஹக்ஸ்லிக்கு மெஸ்கலின் கொடுத்த டாக்டர்: கேள்வி பதில்

நான் ஓய்வு பெற்ற மனநல மருத்துவர். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் 1953 முதல் 1963 வரை ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2018-ல் ஒரே தொகுப்பாக வந்தன. அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். "எங்கே கிடைக்கும், எவ்வளவு எடுக்கலாம்" மட்டும் வேண்டாம்.

மழைக்காகம்: இரண்டு பேரும் எப்படிப் பழக்கமானார்கள் டாக்டர்?

ஒரு கட்டுரையால். ஆஸ்மண்ட் லண்டனில் இருந்தபோது ஜான் ஸ்மிதீஸ் என்ற இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார். மெஸ்கலின் என்ற மனதை மாற்றும் மருந்தின் மூலக்கூறும் நம் உடம்பில் சுரக்கும் அட்ரினலினும் அமைப்பில் கிட்டத்தட்ட உறவுக்காரர்கள். அப்படியானால் மனச்சிதைவு நோயாளியின் உடம்பே மெஸ்கலின் மாதிரி ஏதோ ஒன்றைத் தயாரிக்கிறதோ? லண்டனில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1951-ல் கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்துக்குக் கிளம்பி, வேபர்ன் என்ற சிற்றூரின் பெரிய மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர்.

அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படித்த ஹக்ஸ்லி கலிபோர்னியாவிலிருந்து கடிதம் போட்டார். 1953 மே மாதம் அமெரிக்க மனநல மருத்துவர் சங்க மாநாட்டுக்காக ஆஸ்மண்ட் லாஸ் ஏஞ்சலிஸ் வர வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலேயே தங்குங்கள் என்று அழைப்பு வந்துவிட்டது. ஒருவருக்கு 58 வயது, உலகப் புகழ். மற்றவருக்கு 35, யாருக்கும் தெரியாதவர். "ஆல்டஸ் ஹக்ஸ்லியைப் பைத்தியமாக்கியவன்" என்ற பெயர் தனக்கு வந்துவிடக் கூடாதே என்று பயந்ததாக ஆஸ்மண்ட் பிற்பாடு எழுதினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த வரியால்தான்.

0.4 கிராம் மெஸ்கலின், அரைக் குவளைத் தண்ணீரில். பேச்சைப் பதிய ஒரு கருவி. மேஜையில் ஒரு சிறு கண்ணாடிக் குவளை, அதில் மூன்றே மூன்று பூக்கள்: ரோஜா, கார்னேஷன், ஐரிஸ். ஹக்ஸ்லிக்குப் பதினாறு வயதிலேயே கண் கெட்டுவிட்டது, மனதுக்குள் படம் பார்க்கும் வழக்கமும் அவருக்குக் குறைவு. கண்ணை மூடினால் வண்ணக் கோலங்கள் விரியும் என்று காத்திருந்தார், பெரிதாக ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அந்த மூன்று பூக்கள். அப்புறம் தன் கால்சட்டையின் மடிப்புகள். இந்த அனுபவத்தைப் பற்றி ஹக்ஸ்லி எழுதிய "தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்" புத்தகத்தில் பக்கம் பக்கமாக வருவது இவைதான். நேரம் எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு, நிறைய இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார்.

இதெல்லாம் நடந்தபோது ஆஸ்மண்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள், பிறகும் சொல்வேன்.

பழனிமலைச்சாரல்: கொடைக்கானல் போதைக் காளானும் இதுவும் ஒன்றா?

இல்லை. காளானில் இருப்பது சிலோசைபின். மெஸ்கலின் பெயோட்டே என்ற கள்ளியில் இருப்பது.

ஏழாம்சுவை: டாக்டர் கொடுத்து எழுத்தாளர் சாப்பிட்டது இதுதான் முதல் தடவையா?

இல்லவே இல்லை, நல்ல கேள்வி. 1840-களில் பாரீஸில் மோரோ த தூர் என்ற மனநல மருத்துவர் கோதியே போன்ற எழுத்தாளர்களுக்கு ஹஷீஷ் அறிமுகம் செய்தார். பைத்தியத்தைப் புரிந்துகொள்ள அதை உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. நூறு வருடம் கழித்து ஆஸ்மண்ட் சொன்னதும் அதேதான்.

எனக்குப் பிடித்தது 1896-ல் நடந்தது. நரம்பியல் மருத்துவரும் நாவலாசிரியருமான வெய்ர் மிட்செல், பெயோட்டே தின்று அற்புதக் காட்சிகள் கண்டு, உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸுக்கும் கொஞ்சம் அனுப்பினார். ஜேம்ஸ் தின்றது ஒரே ஒரு துண்டு. இருபத்து நாலு மணி நேரம் ஒரே வாந்தி, வேறு ஒன்றும் இல்லை. காட்சிகளை நான் நம்பிக்கையின் பேரிலேயே ஏற்றுக்கொள்கிறேன் என்று நாவலாசிரியரான தம்பி ஹென்றிக்கு எழுதினார். சமய அனுபவங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதப்போகிறவருக்குக் கிடைத்தது இது.

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1935-ல் பாரீஸின் செந்த் ஆன் மருத்துவமனையில் நண்பர் தானியேல் லகாஷிடம் மெஸ்கலின் ஊசி போட்டுக்கொண்டார். அவருக்கு வந்தவை நண்டுகள். மருந்து இறங்கிய பிறகும் நாள் கணக்கில் கூடவே நடந்தன. ஹக்ஸ்லிக்குப் பூ, சார்த்தருக்கு நண்டு. உங்களுக்கு எது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கடைசிபெஞ்ச்: அட்ரினோக்ரோமைக் குழந்தைகளின் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்களாமே? ஹக்ஸ்லி புத்தகத்திலேயே அது இருக்கிறது என்று ஒரு வீடியோ பார்த்தேன்.

பெயர் இருக்கிறது, கதை இல்லை. காற்று பட்ட அட்ரினலின் நிறம் மாறி உண்டாகும் பொருள் அது. ஆய்வகத்தில் சாதாரணமாகத் தயாரிக்கலாம். மனச்சிதைவுக்கு அதுதான் காரணமோ என்று ஆஸ்மண்டும் அவருடைய சக ஆய்வாளர் ஆபிரம் ஹோஃபரும் சந்தேகப்பட்டார்கள், பின்னால் அது நிற்கவில்லை. அவ்வளவுதான். அந்த வீடியோவை அனுப்ப வேண்டாம்.

தாமிரபரணி: நோயாளிகளுக்கு இதனால் உருப்படியாக ஏதாவது நடந்ததா சார்?

நடந்தது, அதிகம் பேசப்படாத ஒரு இடத்தில். கட்டடத்தில். ஆஸ்மண்டின் தூண்டுதலில் கியோஷி இசுமி என்ற கட்டடக் கலைஞர் எல்எஸ்டி என்ற இதே வகை மருந்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குள் நடந்து பார்த்தார். நோயாளியின் கண்ணுக்கு அந்த இடம் எப்படித் தெரியும் என்று பார்ப்பதுதான் நோக்கம். முடிவே இல்லாத நடைபாதை, பளபளக்கும் தரை, இருட்டு வாயோடு நிற்கும் அலமாரி. பிறகு அதே மாகாணத்தின் யார்க்டனில் அவர் வடிவமைத்த மனநல மருத்துவமனையில் நீளமான நடைபாதைகளைத் தவிர்த்தார்.

நான் பயிற்சியில் இருந்த வார்டில் ஒரு நீண்ட வராந்தா. அதன் கோடியில் ஒரு டியூப்லைட் எந்நேரமும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நோயாளி அதைத் தாண்ட மாட்டார். சாப்பாட்டு மணி அடித்தாலும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார். "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன், என் கையெழுத்தில்தான். இசுமியைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் அந்த லைட் நினைவுக்கு வந்தது. மாற்ற ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

கோவைப்புயல்: காளான் சட்டப்படி தப்பா? இயற்கையில் விளைவதுதானே?

சிலோசைபின், மெஸ்கலின், எல்எஸ்டி மூன்றுமே 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. எல்எஸ்டி 0.1 கிராம் இருந்தாலே வணிக அளவு, குறைந்தது பத்து வருடம். இயற்கையில் விளைவதுதான் என்றால், அரளியும் இயற்கையில்தான் விளைகிறது.

வேதாந்தி: ஹக்ஸ்லி கண்டது சமாதி நிலையா?

சத் சித் ஆனந்தம் என்ற சொல்லுக்கு அன்றுதான் பொருள் விளங்கியது என்று அவரே எழுதினார். ஆனால் அவருக்குத் தீட்சை கொடுத்த ஹாலிவுட் வேதாந்த சங்கத்துச் சுவாமி பிரபவானந்தர் அதை ஏற்கவில்லை. ஹக்ஸ்லியின் நண்பர் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் மருந்துவழி ஞானத்தை ஏற்றவர் இல்லை. சுவிஸ் உளவியலாளர் யுங் 1954-ல் ஒரு பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில், தேவர்கள் சும்மா தரும் வரங்களை நான் நம்புவதில்லை, அவற்றுக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டும் என்றார். மருத்துவனாக நான் யுங் பக்கம். வாசகனாக இன்னும் முடிவு செய்யவில்லை.

சொல்லேர்: "சைகடெலிக்" என்ற சொல்லே இந்தக் கடிதங்களில்தான் பிறந்ததா? தமிழில் என்ன சொல்லலாம்?

ஆமாம், 1956-ல். அதுவரை மருத்துவர்கள் வைத்திருந்த பெயருக்குப் பொருள் "பைத்தியத்தைப் போலிசெய்வது". மூன்று பூக்களைப் பார்த்து நெகிழ்ந்த மனிதரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டும்? புதுப் பெயர் தேடினார்கள். ஹக்ஸ்லி இரண்டு வரிப் பாட்டாக எழுதினார்: இந்த அற்ப உலகை உன்னதமாக்க அரை கிராம் ஃபானரோதைம் எடு. "ஆன்மாவைத் தெரியவைப்பது" என்று கிரேக்கத்தில் பொருள். ஆஸ்மண்ட் பாட்டாலேயே பதில் போட்டார்: நரகத்தின் ஆழம் காணவோ தேவதையாய் உயரவோ சைகடெலிக் ஒரு சிட்டிகை எடு. இதற்கு "மனதை வெளிக்காட்டுவது" என்று பொருள். எழுத்தாளரின் சொல் செத்தது, டாக்டரின் சொல் பிழைத்தது. 1957-ல் நியூயார்க் அறிவியல் கழகத்தில் அதை முறைப்படி அறிவித்தார்.

தமிழில் "மாயத்தோற்ற மருந்து" என்று எழுதுகிறார்கள். அது பழைய பெயரின் தப்பையே திரும்பச் செய்கிறது. "மனந்திறப்பி" என்று நான் எழுதுவதுண்டு, கொஞ்சம் டின் திறப்பான் மாதிரி இருக்கிறது, தெரியும்.

வேதாந்தி: போதம் என்றால் அறிவு. போதை அதிலிருந்து வந்ததுதான். நம் முன்னோர் எல்லாம் அறிந்தே பெயர் வைத்தார்கள். "போதி" என்று வைத்துவிடலாமே.

ஒலி ஒன்றாக இருந்தால் வேர் ஒன்றாகிவிடாது. பழைய நூலில் ஆதாரம் இருந்தால் வரியோடு காட்டுங்கள்.

சொல்லேர்: "போதி" என்றால் அரசமரம். மருந்துக்கடையில் போய் அரசமரம் கேட்பதா? "உளங்காட்டி" சரியாக வரும்.

வேதாந்தி: உளங்காட்டி என்றால் ஸ்கேன் மெஷின் மாதிரி இருக்கிறது.

இரண்டு பேருக்குமே அரை அரை மார்க். ஒன்று கவனியுங்கள். ஆஸ்மண்டின் சொல்லில் "போதை" என்ற வாடையே இல்லை, அதைத்தான் அவர் விரும்பினார். கிரேக்க இலக்கணப்படி சைகோடெலிக் என்றுதான் வர வேண்டும் என்பார்கள், ஆனால் "சைகோ" என்று காதில் விழுந்தாலே பைத்தியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் ஊரில் அந்தச் சொல்லை எப்படி வீசுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். பைத்தியத்தோடு முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சொல்லில் இருக்கும் அவமானம் மாத்திரையில் போகாது.

புதியவன்: டாக்டர், கொஞ்சமாக எடுத்தால் ஆபத்து இல்லைதானே? நண்பனிடம் இருக்கிறது.

முதலில் எழுதியதைப் படிக்கவில்லை. ஹக்ஸ்லிக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், மருந்தில் என்ன இருந்தது என்று அவருக்கு மில்லிகிராம் வரை தெரியும். உங்கள் நண்பனுக்கு எதுவும் தெரியாது. வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா யாருக்காவது மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தால் தொடவே கூடாது. ஏற்கெனவே எடுத்து ஏதாவது குழப்பம் என்றால் இங்கே எழுதாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசிபெஞ்ச்: டிமதி லியரியைப் பற்றி?

1960-ல், கென்னடி ஜெயித்த தேர்தல் இரவன்று ஹக்ஸ்லியும் ஆஸ்மண்டும் ஹார்வர்ட் உளவியலாளரான லியரியைச் சந்தித்தார்கள். நல்ல ஆள், ஆனால் கொஞ்சம் விறைப்பு என்று முடிவு கட்டினார்கள்! இரண்டே வருடத்தில் ஹக்ஸ்லி, டிம்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஏன் இப்படிக் கழுதைத்தனம் செய்கிறார் என்று ஆஸ்மண்டுக்குப் புலம்பினார்.

மழைக்காகம்: ஹக்ஸ்லி சாகும்போதும் எடுத்தாராமே?

ஆமாம். 1963 நவம்பர் 22, கென்னடி சுடப்பட்ட அதே நாள். பேச முடியாமல் காகிதத்தில் எழுதிக் கேட்டார். மனைவி லாரா 100 மைக்ரோகிராம் எல்எஸ்டியை ஊசியில் போட்டார், பிறகு இன்னொரு முறையும்.

மலைக்காற்று: கொடைக்கானல் காளான்...

மேலே பாருங்கள்.

சொல்லேர்: ஆஸ்மண்டின் பாட்டைக் குறளாக்கிவிட்டேன்!
"நரகம் அளந்திட நாகம் உயர்ந்திட
சிட்டிகை சைகடெலிக் போதும்"

பலே. ஆனால் வெண்பாவை "போதும்" என்று முடிக்க முடியாது. நாள், மலர், காசு, பிறப்பு, இந்த நான்கில் ஒன்று வேண்டும். "சிட்டிகை சைகடெலிக் சேர்" என்று மாற்றுங்கள், தளையும் தட்டாது, மோனையும் வருகிறது.

புதியவன்: நாகமா? பாம்பு வருமா டாக்டர்?

இங்கே நாகம் என்றால் விண்ணுலகம். பாம்பும் வரலாம்.